போரை எதிர்ப்பவர் பட்டாளத்துக்காரருக்கு எதிரியா?

1990 மார்ச் மாதக் கடைசியில் இலங்கையிலிருந்து இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணிகள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கின. வரவேற்புக்கு ஏற்பாடாகியிருந்தது. மாநிலத்தின் முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஈழத்தில் தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்கத் தன்னால் முடியாது என்பது அவர் சொன்ன காரணம். தமிழ்நாட்டில் இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் இன்றைக்கும் இரண்டு குரல்கள்தான் கேட்கும். சரியாகத்தான் செய்தார், நம் ஆட்களைச் சுட்டவனுக்கு மாலை வேறா என்று ஒரு குரல். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களை அவமதித்தார், அதை மறக்க முடியாது என்று இன்னொரு குரல். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்கிறார்களே தவிர, அடிப்படையில் இரண்டு பேரும் நம்புவது ஒன்றைத்தான்: போரும் போருக்குப் போனவனும் ஒன்று, அவனுக்கு மாலை போட்டால் போருக்கே மாலை போட்டதாக ஆகிவிடும். அந்த நம்பிக்கை தவறு என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. போரை எதிர்த்துக் கேள்வி கேட்பதே ஒரு குடிமகன் பட்டாளத்துக்காரருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி என்றும் சொல்வேன். கிறிஸ்தவ சமயம் இந்தச் சிக்கலோடு ஏறக்குறைய 1,800 வருடமாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் அந்தப் போர் யாருடையது என்று பார்த்துவிடுவோம். 1987 ஜூலை 29 அன்று இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். படை போனது சமாதானம் காக்க. யாழ்ப்பாணத்து மக்கள் அந்தப் படையை ஆரத்தி எடுக்காத குறையாகத்தான் வரவேற்றார்கள். இரண்டரை மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் இரண்டாவது வாரத்தில் அதே ஜவான்களுக்கு அதே யாழ்ப்பாணத்தை விடுதலைப் புலிகளோடு சண்டையிட்டுப் பிடிக்க உத்தரவு வந்தது. அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேர். மறுநாள் பகலுக்குள் 29 பேர் இறந்துபோனார்கள், ஒருவர் பிடிபட்டார். எதிரே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவர்களை அனுப்பியவர்களுக்கே சரியாகத் தெரியவில்லை. பத்து நாள் கழித்து, அக்டோபர் 21, தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் இந்தியப் படை புகுந்து சுட்டதில் மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1990-ல் படை திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். அவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்கு மட்டும் பரம்வீர் சக்ரா கிடைத்தது. 1987 நவம்பர் 25 அன்று விழுந்தவர் அவர். கொல்லப்பட்ட ஈழத் தமிழர்களுக்கு இரண்டு அரசுகளும் ஒப்புக்கொண்ட ஒரு கணக்கே கிடையாது.

இந்தக் கதையில் ஒரு சின்ன இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அமைதிப்படைக்குத் தொடக்கத்தில் தலைமை தாங்கிய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் பின்னாளில் ஒரு புத்தகம் எழுதினார். 1987 செப்டம்பர் நடுவில், பேச்சுவார்த்தைக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைப் பிடிக்கவோ சுடவோ சொல்லி இந்தியத் தூதர் தீட்சித்திடமிருந்து தனக்கு உத்தரவு வந்தது என்றும், வெள்ளைக் கொடியை நம்பி வருகிறவரை அப்படிச் செய்வது பட்டாளத்துக்காரனுக்கு அழகல்ல என்று தான் மறுத்ததாகவும் அதில் சொல்லியிருக்கிறார். இது அவர் தரப்புக் கதை, அவ்வளவுதான். ஆனால் அதைப் படிக்கும்போது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. ஒரே போருக்குள்ளே முடிவெடுத்தவர்கள் வேறு, துப்பாக்கி தூக்கியவர்கள் வேறு. துப்பாக்கி தூக்கியவர்களிலும் இதற்கு மேல் போகமாட்டேன் என்று நின்றவர்களும் உண்டு, மருத்துவமனை வார்டுக்குள் சுட்டவர்களும் உண்டு. 'படை' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை பேரையும் போட்டு மூட்டை கட்டி, மொத்தமாகக் கும்பிடுவதும் மொத்தமாகக் காறித் துப்புவதும் ஒரே வகைச் சோம்பேறித்தனம்.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பலருக்கும் தெரிவதில்லை. நீங்களும் நானும் ஒரு போர் தப்பு என்று தெருமுனையில் நின்று பேசலாம். பட்டாளத்தில் இருப்பவர் பேச முடியாது. அரசியல் சாசனத்தின் 33-வது பிரிவு, படையில் இருப்பவர்களின் அடிப்படை உரிமைகளைக் குறைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்த அதிகாரத்தை வைத்து 1950-ம் வருட ராணுவச் சட்டத்தின் 21-வது பிரிவு, சங்கம் சேருவது, அரசியல் கூட்டத்தில் கலந்துகொள்வது, பத்திரிகைக்கு எழுதுவது ஆகியவற்றுக்குக் கட்டுப்பாடு போட வழி செய்கிறது. போர்முனையிலிருந்து ஓடிப்போனால் அதே சட்டத்தில் மரண தண்டனை வரைக்கும் போகலாம். இந்தக் கட்டுப்பாடுகளை நான் குறை சொல்லவில்லை. துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் அரசியல் பேச ஆரம்பித்தால் என்ன நடக்கும் என்பதைச் சுற்றியுள்ள நாடுகளில் பார்த்தாயிற்று. ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. அந்த மனிதரின் வாயை நாம் கட்டியிருக்கிறோம், நம் பேரில், நம் பாதுகாப்புக்காக. அப்படியென்றால் அவரை எங்கே அனுப்புகிறார்கள், எதற்கு அனுப்புகிறார்கள், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று கேட்கிற கடமை யாருக்கு? நமக்குத்தான். போர் நடக்கும்போது கேள்வி கேட்காதே, ஜவானின் மனோபலம் குறையும் என்கிறவர்கள், அவருக்குப் பதிலாகப் பேசக்கூடிய ஒரே வாயையும் அடைத்துவிடுகிறார்கள். பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய அந்த முப்பது பேரின் மனோபலத்தைக் குலைத்தது எந்தப் பத்திரிகைக் கட்டுரையும் இல்லை.

திருத்தணிக்காரர்களான நாம் இதற்கு ஊருக்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1888-ல் இந்த ஊரில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆசிரியர் தினத்தோடு நிறுத்திவிடுகிறோம். 1962 மே மாதம் அவர் குடியரசுத் தலைவரானார், அதாவது முப்படைகளின் தலைமைத் தளபதி. அக்டோபரில் சீனப் போர். பருத்திச் சட்டையும் கான்வாஸ் ஷூவும் போட்டுக்கொண்டு, பழைய .303 ரைஃபிளோடு ஜவான்கள் இமயமலையில் நின்றார்கள். தோல்விக்குப் பிறகு ராதாகிருஷ்ணன் வீரர்களின் பக்கம் நின்றார். அதே மூச்சில், அசட்டு நம்பிக்கையும் அலட்சியமும் என்று தன் சொந்த அரசையே வெளிப்படையாகக் குறை சொன்னார். நேருவுக்கு அது வலித்திருக்கும். குடியரசுத் தலைவர் இப்படிப் பேசலாமா என்ற கேள்வி இருக்கட்டும், படைக்கு ஆதரவு என்பது அரசுக்கு ஜால்ரா இல்லை என்பதற்கு இதைவிட உயர்ந்த நாற்காலியிலிருந்து சாட்சி கிடைக்காது. அந்தத் தோல்வியை விசாரித்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை 1963-ல் எழுதி முடித்தார்கள். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அதை அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. செத்தவர்களுக்கு நினைவுத்தூண் கட்டியாயிற்று, ஏன் செத்தார்கள் என்ற காகிதம் மட்டும் பூட்டில் இருக்கிறது.

ராதாகிருஷ்ணன் படித்தது திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே பாதிரிமார்கள் இந்து சமயத்தை விமர்சித்ததுதான் தன்னை வேதாந்தம் படிக்கத் தூண்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் கற்பித்த அந்தக் கிறிஸ்தவத்துக்குப் போரைப் பற்றி ஒரே கருத்து இருந்தது என்று நினைத்துவிடக் கூடாது. நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள்தான் தெரியும்: ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர், அவர் பேரைச் சொல்லிச் சிலுவைப் போர் நடத்தியவர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நீண்ட வாதம் கிடக்கிறது, சுவையான வாதம்.

வேதாகமத்திலேயே முடிச்சு விழுந்துவிடுகிறது. கெத்செமனே தோட்டத்தில் பேதுரு வாளை உருவியபோது இயேசு அதை உறையில் போடச் சொல்கிறார், வாளெடுப்பவன் கதி என்ன என்றும் எச்சரிக்கிறார். சமாதானவாதிகளுக்கு இந்த இடமும் மலைப்பிரசங்கமும் போதும். ஆனால் லூக்கா நற்செய்தியில் யோவான் ஸ்நானகனிடம் படைவீரர்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். வேலையை விட்டுவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், பொய்க் குற்றம் சாட்டாதீர்கள், கொடுக்கிற சம்பளத்தோடு நில்லுங்கள் என்கிறார். கப்பர்நகூம் நூற்றுவர் தலைவனின் விசுவாசத்தை இயேசு புகழ்கிறார், ராஜினாமா செய் என்று அவனிடம் கேட்கவில்லை. முதல் முதலாக ஞானஸ்நானம் பெற்ற யூதரல்லாத குடும்பங்களில் ஒன்று கொர்நேலியு என்ற ரோமானியப் படை அதிகாரியின் குடும்பம். ஆக, வன்முறை கூடாது என்பதும் படைவீரனைத் தள்ளாதே என்பதும் ஒரே புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

தொடக்ககாலத் திருச்சபை முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வாகைமுடி சூட மறுத்த ஒரு படைவீரனுக்காகத் தெர்த்துல்லியன் 211 வாக்கில் ஒரு நூலே எழுதினார். 295-ல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியன் என்ற 21 வயது இளைஞன், கிறிஸ்தவனான நான் படையில் சேர முடியாது என்று சொல்லித் தலையைக் கொடுத்தான். அவர்கள் மறுத்ததற்கு ரத்தம் மட்டும் காரணமில்லை, படையில் பேரரசனுக்குச் செய்ய வேண்டியிருந்த பூசையும் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நூற்றாண்டிலேயே ரோமானியப் படையில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமானியப் பேரரசர் கான்ஸ்டன்டைன் வந்தார், எல்லாம் தலைகீழானது. 314-ல் ஆர்ல் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம், அமைதிக் காலத்தில் ஆயுதத்தைக் கீழே போடுகிறவனைச் சபையிலிருந்து விலக்கச் சொன்னது. மாக்சிமிலியன் செத்து இருபது வருடம்கூட ஆகவில்லை! பிறகு இறையியலாளர்களான அகுஸ்தீனும் அக்குவினாவும் நியாயமான போருக்கு இலக்கணம் வகுத்தார்கள்: உரிய அதிகாரம் உள்ளவர் அறிவிக்க வேண்டும், காரணம் நியாயமாக இருக்க வேண்டும், உள்நோக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். எந்த ராஜாவும் தன் போருக்கு இந்த மூன்றும் இருப்பதாகத்தான் சொல்வான். அதனால் இந்த இலக்கணம் போரைத் தடுத்ததைவிடப் போருக்குச் சான்றிதழ் கொடுத்ததுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இந்த இரண்டு பாதைகளுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது பாதை இருந்தது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரத்து ஆயர் பசிலியார் ஒரு விதி எழுதினார். போரில் கொன்றவனை முன்னோர்கள் கொலைகாரனாகக் கருதவில்லை, நல்லது. ஆனாலும் அவன் கைகள் சுத்தமானவை அல்ல, ஆகவே மூன்று வருடம் திருவிருந்து வாங்காமல் இருக்கச் சொல்வது நல்லது என்றார். கவனியுங்கள், விரட்டவில்லை, பாராட்டவுமில்லை. ஆறு நூற்றாண்டு கழித்து பைசாந்தியப் பேரரசர் நிக்கேபோரஸ் போகாஸ், போரில் சாகும் தன் வீரர்களை மறைசாட்சிகள் என்று அறிவிக்கும்படி திருச்சபையிடம் கேட்டார். மறைமுதுவர் பொலியூக்தஸ் இதே விதியை எடுத்துக் காட்டி முடியாது என்றார். பேரரசருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மேற்கே 1066-ல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மன்கள் ஜெயித்தார்கள், இங்கிலாந்தே அவர்கள் கையில் வந்தது. ஜெயித்த பக்கத்து ஆயர்கள், ஜெயித்த தங்கள் வீரர்களுக்கே பரிகாரம் விதித்தார்கள். கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வருடத் தவம், காயப்படுத்தியிருந்தால் ஆளுக்கு நாற்பது நாள், எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவர்களுக்கு வாழ்நாள் முழுக்க வாரத்தில் ஒரு நாள். தோற்றவர்களைத் தண்டிப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஜெயித்தவனை உட்கார வைத்து, நீ செய்தது உன்னையும் காயப்படுத்தியிருக்கிறது என்று சொன்ன ஆட்கள் அபூர்வம். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களுக்கு வைத்தியம் செய்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே இருபதாம் நூற்றாண்டில் ஒழுக்கக் காயம் என்று எழுதியது அந்தப் பழைய ஆயர்களுக்குப் புதிதாக இருந்திருக்காது.

திருத்தணி மலைக்கு வருகிறவர்களுக்கு இது அன்னியமான சிந்தனை இல்லை. கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரிலும் மற்ற முருகன் கோயில்களிலும் சூரசம்ஹாரம் நடக்கும், வேல் பாயும், கூட்டம் ஆர்ப்பரிக்கும். திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது. சண்டை முடிந்து முருகன் சினம் தணிந்த தலம் என்பதால் இங்கே அந்த நாளில் மலர் தூவிப் புஷ்பாஞ்சலி செய்கிறார்கள். ஜெயித்த தெய்வத்துக்கே போருக்குப் பிறகு சினம் தணிய ஓர் இடம் வேண்டியிருந்தது என்று நம் முன்னோர்கள் ஒரு படைவீட்டையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பசிலியாரின் மூன்று வருடமும் நம் மலையும் வேறு வேறு நம்பிக்கைகள், இரண்டையும் போட்டுக் குழப்ப நான் விரும்பவில்லை. ஆனால் போரிலிருந்து திரும்புகிறவனுக்கு வெற்றி முழக்கம் மட்டும் போதாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த விஷயத்தை நம் காலத்தில் மறுபடி எடுத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். 1965 டிசம்பர் 7 அன்று வெளியான 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 79-வது பத்தியைப் பாருங்கள். மனசாட்சியின் காரணமாக ஆயுதம் தூக்க மறுக்கிறவர்களைச் சட்டம் மனிதத்தன்மையோடு நடத்த வேண்டும் என்று அது கேட்கிறது. அதே பத்தியின் முடிவில், நாட்டுக்காகப் படையில் இருப்பவர்கள் தங்கள் கடமையைச் சரியாகச் செய்தால் சமாதானத்துக்கு உண்மையிலேயே பங்களிக்கிறார்கள் என்கிறது. ஒரே பத்தியில் இரண்டு பேருக்கும் இடம். மழுப்பல் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்ப்பவனும் போகிறவனும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக இருக்க முடியும் என்று சொல்ல வேறு வழி இல்லை.

சரி, எதிர்வாதங்களுக்கு வருவோம். பலமானது முதலில். போகிறவன் போகாவிட்டால் போரே இல்லையே, மாக்சிமிலியன் மாதிரி எல்லோரும் மறுத்திருந்தால் எந்த ராஜா யாரை வைத்துச் சண்டை போடுவான்? இந்த வாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன். ஹிட்லரின் படையில் சேர மறுத்து 1943 ஆகஸ்ட் 9-ல் தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரை அவர் ஊர்க்காரர்களே அன்று பைத்தியம் என்றார்கள், 2007-ல் திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. அவர் செய்தது சரி. ஆனால் அதையே எல்லோருக்கும் அளவுகோலாக வைக்கும்போது, பையன் எந்த வீட்டிலிருந்து போகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் கட்டாயப் படைச்சேவை கிடையாது, எல்லோரும் விரும்பித்தான் சேர்கிறார்கள் என்கிறோம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போவது வெறும் வீர உணர்வால் மட்டுமா? நிரந்தரச் சம்பளம், கேன்டீன் கார்டு, ஓய்வூதியம். மழையை நம்பிய நிலம் உள்ள ஊருக்கு இவை சின்ன விஷயங்கள் இல்லை. யோவான் ஸ்நானகன் அந்தப் படைவீரர்களிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசியதன் அர்த்தம் எனக்கு இங்கேதான் விளங்குகிறது. வேறு வேலை கொடுக்காத சமூகம், அவன் எடுத்த வேலைக்காக அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

தீவிரச் சமாதானவாதி அடுத்து ஒன்று சொல்வார்: நீ படைவீரனுக்கு உதவினால் போர் எந்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறாய். காந்தியையே இந்தக் கேள்வி விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் அவர் மனம் போயர்கள் பக்கம் இருந்தும் ஏறத்தாழ 1,100 இந்தியர்களைத் திரட்டி ஆங்கிலேயருக்காக டோலி தூக்கும் ஆம்புலன்ஸ் படை நடத்தினார். அதில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம் ஆட்கள். 1918-ல் கேடா மாவட்டத்தில் வீடு வீடாகப் போய்ப் படைக்கு ஆள் சேர்த்தார். அதைத் தப்பு என்று கடிதம் எழுதிச் சண்டை போட்டவர் யார் தெரியுமா? சி.எஃப். ஆண்ட்ரூஸ், கிறிஸ்தவப் பாதிரியார். அகிம்சையின் தந்தைக்கு அகிம்சையை நினைவூட்ட ஒரு ஆங்கிலேயர் வேண்டியிருந்தது. இந்த விஷயத்தில் நான் ஆண்ட்ரூஸ் கட்சி. காயம்பட்டவனைத் தூக்குவது வேறு, காயம்படப் போகிறவனைப் பிடித்துக் கொடுப்பது வேறு. போரை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்கள் இரண்டு உலகப் போர்களிலும் நடத்திய ஆம்புலன்ஸ் அமைப்பு முதல் வகை. ஆனால் அதுகூடக் கறைதான் என்று ஒதுங்குகிறவரிடம் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி. குமரப்பாவைப் படிக்கச் சொல்வேன். பிரிட்டனின் போர்க் கடன் இந்தியாவைச் சூறையாடுவதை எழுதியதற்காக ஜெயிலுக்குப் போன கிறிஸ்தவர் அவர். ஒரு பொருளை வாங்குகிறவனுக்கு அது விளைந்த விதத்தில் இருக்கும் வன்முறையிலும் பங்கு உண்டு என்பது அவர் பொருளாதாரத்தின் அடித்தளம். அந்தக் கணக்குப்படி வரி கட்டுகிற எவர் கையும் சுத்தமில்லை. பட்டாளத்துக்காரர் கையில் மட்டும் கறை தேடுவது நம் கையை மறைத்துக்கொள்கிற தந்திரம்.

மூன்றாவது எதிர்வாதம் அமெரிக்காவில் சந்தையாகிவிட்ட ஒன்று. வீரர்களை ஆதரிக்கிறோம் என்ற கோஷம் 1991 வளைகுடாப் போரின்போது மஞ்சள் ரிப்பனோடு வீட்டுக்கு வீடு கட்டப்பட்டது. நடைமுறையில் அதன் பொருள், போரைப் பற்றிக் கேட்காதே என்பதுதான். வியட்நாமிலிருந்து வந்த வீரர்கள் மேல் போர் எதிர்ப்பாளர்கள் துப்பினார்கள் என்ற கதையும் அப்போது நன்றாக ஓடியது. அந்தப் போரில் இருந்தவரும் சமூகவியலாளருமான ஜெரி லெம்கி 1998-ல் அந்தக் கதைகளைத் தேடிப் போய், அந்தக் காலத்துப் பதிவுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். உண்மையில் அந்தப் போரை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களில் அங்கிருந்து திரும்பியவர்களே இருந்தார்கள், 1971 ஏப்ரலில் தங்கள் பதக்கங்களை அமெரிக்க நாடாளுமன்றக் கட்டிடத்தின் முன் வீசியெறிந்தார்கள். பாப்டிஸ்ட் பாதிரியாரான மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று ரிவர்சைடு தேவாலயத்தில் போரைக் கண்டித்துப் பேசியபோது, வியட்நாமியர்களோடு நம் படைவீரர்களைப் பற்றியும் தான் அதே அளவு கவலைப்படுவதாகச் சொன்னார். ஆதரவு என்ற சொல்லை வாய்ப்பூட்டாக ஆக்கியவர்கள் போரை நடத்தியவர்கள். அதற்காக நாம் ஆதரவையே கைவிட வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறது. தீபாவளி நாளில் வார்டில் மனைவியைப் பறிகொடுத்தவரிடம் போய், முடிவெடுத்தவர்கள் வேறு, சுட்டவர்கள் வேறு என்று என் வாதத்தைச் சொல்ல முடியுமா? முடியாது. சொல்லவும் கூடாது. மேலிடத்து உத்தரவு என்பது மருத்துவமனைக்குள் சுட்டதற்குப் பதிலாகாது. அந்தச் சம்பவத்துக்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. பட்டாளத்தை நேசிப்பதாகச் சொல்கிறவர்கள்தான் முதலில் விசாரணை கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஒழுங்காக நடந்துகொண்ட ஆயிரக்கணக்கான ஜவான்களின் பேரையும் அந்த வார்டின் ரத்தம் நனைத்துவிட்டது, விசாரித்திருந்தால்தான் அவர்கள் பேர் தனியாகத் துடைக்கப்பட்டிருக்கும். இலங்கையில் இதற்குச் சிங்களத் தாய் ஒருவர் வழி காட்டினார். விசாகா தர்மதாசவின் மகன் 1998-ல் கிளிநொச்சிப் போரில் காணாமல்போன ராணுவ அதிகாரி. அவர் பழிவாங்கக் கேட்கவில்லை. காணாமல்போன வீரர்களின் பெற்றோரைத் திரட்டி, போர்க் காலத்திலேயே வன்னிக்குப் போய்ப் புலிகளைச் சந்தித்துப் பேசினார், பிறகு தமிழ்த் தாய்மார்களையும் சேர்த்து அமைப்பு தொடங்கினார். படைவீரனின் தாயைவிடப் படைக்கு ஆதரவாளர் யார்? போர் நிற்க வேண்டும் என்று அவரைவிட அழுத்திக் கேட்டவர்தான் யார்? மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் மறுபக்கத்திலிருந்து, கணக்கில் வராத 1,46,679 பேர் எங்கே என்று 2011-ல் அரசு நியமித்த ஆணைக்குழுவிடமே கேட்டார். இரண்டு பேரும் கேட்டது கணக்கு.

இப்போது அந்தத் துறைமுகத்துக்குத் திரும்பினால், என் தீர்ப்பு இதுதான். கருணாநிதி அந்தப் போரை எதிர்த்தது சரி, அந்த எதிர்ப்பைக் காட்டத் தேர்ந்தெடுத்த முகவரி தப்பு. அவர் கேட்க வேண்டிய கேள்விகள் தில்லியில் இருந்தன. கப்பலிலிருந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் எங்கே போகிறோம் என்று தெரியாமல் போய், ஏன் திரும்புகிறோம் என்றும் சரியாகத் தெரியாமல் வந்த கூலிக்கார வீட்டுப் பிள்ளைகள். அதே நேரத்தில், பாண்டு வாத்தியத்தோடு வெற்றி வரவேற்பு கொடுத்திருந்தாலும் அது பொய்யாகத்தான் இருந்திருக்கும். அங்கே போய், உங்களை அனுப்பியது தப்பு, நீங்கள் திரும்பி வந்தது சந்தோஷம், அங்கே நடந்த குற்றங்களுக்கு விசாரணை வேண்டும் என்று மூன்றையும் ஒரே மேடையில் சொல்லக்கூடிய ஒரு தலைவர் அன்று நமக்கு இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இது பழைய கதை என்று நினைக்காதீர்கள். திருத்தணியிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி இருக்கிறது, 1992-லிருந்து கடற்படை விமானங்கள் நம் தலைக்கு மேல் போய் வருகின்றன. காலை இருட்டில் ரோட்டோரம் ஓடிக்கொண்டிருக்கும் பையன்கள் அக்னிவீர் தேர்வுக்கு ஓடுகிறவர்கள். 2022-ல் வந்த அந்தத் திட்டத்தில் நான்கு வருடம் முடிந்ததும் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவாநிதி சுமார் 11.7 லட்சம் ரூபாய், ஓய்வூதியம் இல்லை. ஒவ்வொரு சண்டைச் செய்திக்கும் வாட்ஸ்அப்பில் சல்யூட் ஸ்டிக்கர் அனுப்புகிறவர்கள், இந்தப் பையன்கள் இருபத்தைந்து வயதுக்குள் திரும்பி வரும்போது என்ன வேலை வைத்திருக்கிறோம் என்று கேட்டதாகத் தெரியவில்லை.

டிசம்பர் 7 கொடி நாள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அந்த ஏடு வெளியான தேதியும் அதுவே என்பது தற்செயல். அன்று உண்டியல் வந்தால் கட்டாயம் போடுங்கள், அந்தப் பணம் முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. போட்ட கையோடு உங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை ஏன் இன்னும் வெளியிடவில்லை, யாழ்ப்பாணம் மருத்துவமனைச் சம்பவத்துக்கு ஏன் விசாரணை இல்லை, நான்கு வருடம் முடித்து வரும் அக்னிவீரர்களுக்கு இந்த மாவட்டத்தில் என்ன ஏற்பாடு என்று மூன்றே கேள்விகள் போதும். திருத்தணிக்காரர்கள் எழுத வேண்டியது அரக்கோணம் தொகுதி எம்.பி.க்கு.